ஓடுகிறவனுக்கு எறியக் கூடாது

றிஸ்கான் எறிந்த பந்து துவாரகனின் தாடையில் பட்டபோது தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம் கேட்டதென்று பிறகு பலரும் சொன்னார்கள். றிஸ்கானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கி "அவுட்" என்று கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் ஓடிக்கொண்டிருந்தான். அந்த மைதானத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவன்தான். அந்தச் சந்தோஷமும் துவாரகன் குப்புற விழுந்து, கையை ஊன்றித் தலையைத் தூக்கி, இரத்தத்தோடு ஒரு பல்லை மண்ணில் துப்பும்வரைக்கும்தான் நீடித்தது.

பழியை எல்லே விளையாட்டின்மேல் போடலாம். றிஸ்கான் முதலில் அதைத்தான் செய்து பார்த்தான். மூங்கில் தடியால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு அது. ஓடுகிறவனுக்குப் பந்தால் எறிந்து, அது பட்டுவிட்டால் அவன் அவுட். முதுகில் ஒரு சிவந்த வட்டம் விழும். பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் நட்டமில்லை. மூதூரில் பள்ளிக்கூட எல்லே அணிக்கு றிஸ்கான் தலைவனாக இருந்தவன். ஓடுகிற எதையும் விழுத்துவான் என்று ஊரில் ஒரு பெயர். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவனைப் பேஸ்போலுக்கே எடுத்தார்கள்.

பேஸ்போலில் ஆளுக்கு எறிவதில்லை. ஓடுகிறவன் போய்ச் சேரவேண்டிய பேஸில் நிற்கிற நம்முடைய ஆளுக்குத்தான் பந்து போக வேண்டும். பந்தும் டெனிஸ் பந்தல்ல. நூலைச் சுற்றித் தோல் போர்த்துத் தைத்து வைத்தாலும் அது குணத்தில் கல்தான். இதெல்லாம் றிஸ்கானுக்குத் தெரியாததா? எல்லே விளையாடி வந்தவர்கள்தான் அணியில் பாதிப்பேர் என்பதால், முதல் நாளே பயிற்சியாளர் லோஜினி அக்கா அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, "ஓடுகிறவனுக்கு எறியக் கூடாது" என்று சத்தமாகச் சொல்ல வைத்தார். எல்லாரிலும் உரக்கச் சொன்னவன் றிஸ்கான்.

லோஜினி அக்கா லிங்கநகர்க்காரி. ஒரு காலத்தில் பெண்கள் தேசிய அணியில் பந்தெறிகிற பிட்சருக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடித்தவர். அதற்கு அத்தாட்சியாக மூக்கு ஒரு பக்கமாய்ச் சரிந்திருக்கும். மாவட்டம் முழுக்க அலைந்து, நாளைக்கு ஏதாவதாக வருவார்கள் என்று தோன்றிய பொடியன்களைப் பொறுக்கி, துறைமுகத்தைப் பார்த்த மேட்டு மைதானத்தில் இந்த ஆரம்பநிலை அணியை அவர் கட்டியிருந்தார். பின்னேரங்களில் மான்களைக் கலைத்துவிட்டுத்தான் பயிற்சி. கீழே கப்பல் ஹோர்ன் அடித்தால் பிட்சர் ஒருகணம் நின்று பிறகு எறிவான்.

எறிந்தது பழக்கதோஷம் என்று சொல்லித் தப்புவதற்கு ஒரு தடை இருந்தது. றிஸ்கானும் துவாரகனும் ஒரே இடத்துக்கு ஆட்கள். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற ஷோர்ட் ஸ்டொப் அது. ஓர் அணியில் அதற்கு ஒருவன்தான். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து தெரிவாளர்கள் வந்து, மேல்மட்ட அணிக்குக் கூட்டிப்போக ஆள் எடுக்கப் போகிறார்கள். கடலோரச் சல்லிக் கிராமத்துத் துவாரகன்தான் முதல் ஆள். மட்டை பிடிப்பதிலும் அவன்தான் கெட்டிக்காரன். துவாரகனுக்கு ஏதும் காயம் வந்தால் றிஸ்கான் என்று லோஜினி அக்கா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அதைச் சொன்ன கிழமையே துவாரகனுக்குக் காயம் வந்துவிட்டது. யார் கையால் வந்தது என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

அன்று அணியை இரண்டாகப் பிரித்து விளையாடினார்கள். றிஸ்கான் ஷோர்ட் ஸ்டொப்பில் நின்றான். முதலாம் பேஸில் இருந்து இரண்டாம் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தான் துவாரகன். உருண்டு வந்த பந்தை றிஸ்கான் எடுத்தபோது, இரண்டாம் பேஸில் அவனுடைய மூதூர்க் கூட்டாளி அஸ்ஹான் கையுறையை விரித்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்குக்கூடப் பிழைக்காத தூரத்தில் நின்றான். பந்து அங்கே போகவில்லை.

ஓட்டோவில் துவாரகனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனதும் றிஸ்கான்தான். துவாய் முழுக்க இரத்தம் ஊறி, அவனுடைய காற்சட்டைக்கும் இறங்கியது. துவாரகனின் தாடை முகத்தோடு ஒட்டாமல் தனியாக அசைந்தது. வாயில் ஏதாவது பகிடி வந்துவிடுமோ என்று றிஸ்கான் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பயம் வந்தால் பகிடிதான் முதலில் வரும். அவனுடைய மூத்தம்மா இறந்த மையத்து வீட்டில்கூட அப்படி ஒன்று வாயில் வந்து வெளியே அனுப்பப்பட்டவன் அவன்.

துவாரகனின் அம்மா இராசமலர், மீன் காயப்போட்ட கையைக் கழுவாமல் சல்லியில் இருந்து ஓடிவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இரத்தம் தோய்ந்து நின்ற றிஸ்கானைக் கண்டதும், பிள்ளையைத் தூக்கி வந்தவன் இவன்தான் என்று விளங்கிக்கொண்டு, உடுப்புப் பையை அவன் கையில் கொடுத்து, நல்லாயிருப்பாய் மோனே என்று தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். றிஸ்கான் அந்தப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாங்கில் இருந்தான். பின்னேரம் துவாரகனின் மச்சான் டினோஜன் வந்து அவர் காதுக்குள் ஏதோ சொன்னான். இராசமலர் வெளியே வந்து, றிஸ்கானின் மடியில் இருந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். ஏசியிருந்தால் அவனுக்கு இரவுச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கஞ்சியும் பாலும் ஸ்ட்ரோவால்தான். றிஸ்கான் போய்ப் பார்த்தபோது துவாரகன் வீங்கின முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வாயைக் கட்டினவனிடம் பதிலை எதிர்பார்க்க ஏலாது என்று றிஸ்கான் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் கதைத்துவிட்டு வந்தான்.

அடுத்த நாளே ஃபேஸ்புக்கில் பந்து பொல்லுத்தடியாகிவிட்டது. சல்லிப் பக்கம் உலவிய கதையில், ஒரு கூட்டம் சேர்ந்து ஒரு தமிழ்ப் பொடியனை அடித்து வாயை உடைத்திருந்தது. மூதூரில் உலவிய கதையில் சல்லிக்காரர்கள் றிஸ்கானின் கழுத்தை நெரிக்க, அவன் தப்புவதற்காகக் கையில் கிடந்ததை எறிந்திருந்தான். முதல் கதையைப் படித்ததும் றிஸ்கான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். இரண்டாவதைப் படித்தபோது, அந்த றிஸ்கான் தன்னைவிட நல்ல விளையாட்டுக்காரன் போலிருக்கிறதே என்று நினைத்தான்.

ஆனால் நேரே வந்து வேண்டுமென்றுதானே எறிந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். கேட்காதபடியால் அவனே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அஸ்ஹான், செய்தால் என்ன செய்யாவிட்டால் என்ன, இடம் உனக்குத்தானே என்றான். வலதுகோடியில் நிற்கிற ஸஜ்ஜாத், தான் அந்நேரம் மானைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான். அது பொய்யில்லை, ஸஜ்ஜாத் பந்துக்குப் பயந்து எப்போதும் மானைத்தான் பார்ப்பான். லோஜினி அக்கா அவனை ஹெல்மட்டுகளைத் துடைத்து அடுக்கச் சொன்னார்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் அவன் அந்தக் கணத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அஸ்ஹானின் கையுறை தெரிந்தது. துவாரகனின் முகமும் தெரிந்தது. பந்து கையை விட்டுப் போகும்போது இரண்டில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடம் வந்தால் பஸ் குலுங்கும், அல்லது யாராவது ரிக்கட் கேட்பார்கள்.

டினோஜன்தான் அணியின் பிட்சர். நெடுவல், கதை குறைவு, சல்லிக் கடலில் கரைவலை இழுத்து முறுகின தோள். துவாரகன் இல்லாத முதல் பயிற்சியில் றிஸ்கான் மட்டையோடு போய் நின்றதும், அவன் எறிந்த முதல் பந்து நேரே விலாவில் இறங்கியது. மூச்சு அப்படியே நின்றுபோய், பிறகு ஒரு விக்கலாக வந்தது.

"சொறி மச்சான்," என்றான் டினோஜன். "நழுவிட்டுது."

றிஸ்கான் நிமிர்ந்து மறுபடியும் நின்றான். இரண்டாவது பந்து தொடையில் விழுந்தது. கால் மரத்துப்போய் ஒருபக்கமாகச் சாய்ந்தான். அதுவும் நழுவிவிட்டதாம்.

"தபால்காரன்கூட இப்பிடி வீடு பிழைக்காமப் போடமாட்டான் மச்சான்," என்றான் றிஸ்கான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டினோஜன் பந்தைக் கையில் உருட்டினான். அவன் எங்கே பார்க்கிறான் என்பது றிஸ்கானுக்கு நன்றாகத் தெரிந்தது. விலகியிருக்கலாம். விலகினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று அவனுடைய மூளை அந்த நேரம் பார்த்து ஒரு நியாயம் கண்டுபிடித்தது. மூன்றாவது பந்து ஹெல்மட்டில் பட்டு ஹெல்மட் பிளந்தது. அவன் விழுந்த பிறகும் வானம் கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல். மூக்கிலிருந்து சூடாக ஏதோ வாய்க்குள் இறங்கியது. லோஜினி அக்கா ஓடிவந்து டினோஜனின் கையில் இருந்த அடுத்த பந்தைப் பறித்துக் கடல் பக்கம் வீசியதை அவன் தலைகீழாகப் பார்த்தான்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, இனி ஒரு சொட்டு இரத்தம் மண்ணில் விழுந்தால் அணியையே கலைத்துவிடுவேன் என்று அக்கா சொன்னார். டினோஜன் தலையாட்டினான். றிஸ்கானும் தலையாட்டினான். ஆட்டியபோது மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதை அவசரமாகக் காலால் மூடினான்.

ஆனால் அஸ்ஹான் தலையாட்டவில்லை. அவனை யாரும் கூப்பிட்டு இருத்தவுமில்லை. அடுத்த நாள் லோஜினி அக்கா வருவதற்கு முன், சாமான் அறைக்குப் பின்னால் அஸ்ஹான் டினோஜனை மறித்தான். றிஸ்கான் பஸ்ஸால் இறங்கி மேடேறி வந்தபோது சண்டை பாதி முடிந்திருந்தது. டினோஜன் நெடுவல் என்றாலும் சண்டை பழகாதவன். அஸ்ஹான் மூதூர்ச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடைக்காரரின் மகன். எங்கே அடித்தால் எது இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். டினோஜனின் புருவம் கிழிந்து ஒரு கண் இரத்தத்தில் மூடியிருந்தது. வயிற்றில் வாங்கிய உதையில் அவன் சுருண்டு கிடந்து சத்தி எடுத்தான். அவனை இழுக்கப் போன இன்னொரு சல்லிப் பொடியன் உதடு வெடித்துச் சுவரோடு குந்தியிருந்தான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஸ்ஹான் குனிந்து அலுமினிய மட்டையை எடுத்தான்.

இதில் றிஸ்கான் என்ன செய்தான் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். பிறகு எல்லாரும் வேறுமாதிரிச் சொன்னார்கள்.

அவன் ஓடினான். காதுக்குள் அந்த மூன்றாவது பந்து இன்னும் இரைந்துகொண்டிருந்தது. சுருண்டு கிடக்கிற டினோஜனுக்குத் தன் பங்குக்கு ஒரு உதை கொடுக்கத்தான் அவன் ஓடினான். மட்டையை அவன் காணவேயில்லை. கிட்டப்போய்க் காலைத் தூக்கினான். ஊன்றிய மற்றக் கால் மான் பிழுக்கைமேல் ஏறியது. அப்படியே வழுக்கி, டினோஜனின்மேல் குறுக்காக விழுந்து, விழுகிறவன் எல்லாரும் செய்வதுபோல் கையை நீட்டினான். மட்டை அந்தக் கையில் இறங்கியது.

இந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. சுள்ளி முறிவதுபோல், ஒன்றல்ல, இரண்டு மூன்று சுள்ளிகள். விரல்கள் போகக் கூடாத திசையில் போயிருந்தன. மணிக்கட்டுக்கு மேலே தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. அவன் அதைப் பார்த்து, இது என்னுடையதா என்று ஒருமுறை யோசித்தான். பிறகுதான் கத்தினான். துறைமுகம்வரைக்கும் கேட்டதாம்.

அஸ்ஹான் மட்டையைப் போட்டுவிட்டு அழுதான். டினோஜன் ஒற்றைக் கண்ணால் தன்மேல் கிடக்கிற றிஸ்கானைப் பார்த்து, இரத்தமும் சத்தியுமாக இருந்த கையால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"என்னைக் காப்பாத்திட்டாய் மச்சான்," என்றான்.

றிஸ்கான் உள்ளதைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னான், பிளாஸ்ரர் போட்ட பிறகு டினோஜனிடம் சொன்னான், பார்க்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னான். நான் தடுக்கப் போகவில்லை, உதைக்கப் போனேன், பிழுக்கையில் வழுக்கினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எலும்பு முறிந்து கிடக்கும்போதும் இவன் பகிடி விடுகிறானே என்று கண்ணைத் துடைத்தார்கள். பிறந்ததிலிருந்து பகிடி விட்டவனுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு முறை உண்மை தேவைப்பட்டது, அது எடுபடவில்லை. சல்லிப் பொடியன்கள் ஒரு பொதி கருவாடு கொண்டுவந்து வைத்தார்கள். ஃபேஸ்புக்கில் அவன் இப்போது இனநல்லுறவின் அடையாளமாகியிருந்தான். கைகுலுக்குகிற இரண்டு கைகளின் படம் போட்டிருந்தார்கள். அவனுடைய கையோ யாரோடும் குலுக்குகிற நிலையில் இல்லை.

அஸ்ஹானை அக்கா அணியில் இருந்து நிறுத்தினார். தெரிவாளர்கள் வந்த அன்று டினோஜன் புருவத்தில் தையலோடு பந்து எறிந்தான். ஷோர்ட் ஸ்டொப்பில் நிற்க வேறு ஆளில்லாமல் ஸஜ்ஜாத்தை நிறுத்தினார்கள். முதல் பந்து அவன் நெஞ்சில் அடித்துக் கீழே விழுந்தது, இரண்டாவது தொடையில். ஓட வழி தெரியாமல் அவன் அங்கேயே நின்ற விதத்தைத் தெரிவாளர்கள் துணிச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். டினோஜனும் ஸஜ்ஜாத்தும் எடுபட்டார்கள். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்ற றிஸ்கான் கைதட்ட முடியாமல் இடது கையால் தொடையில் தட்டினான். சல்லியிலிருந்து துவாரகன் வரவில்லை.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்த கையோடு றிஸ்கான் சல்லிக்குப் பஸ் ஏறினான். கோயிலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் கருவாட்டுப் பரண்களுக்கு நடுவே துவாரகனின் வீடு. இராசமலர் அவனைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். மருமகன் டினோஜனைக் காப்பாற்றின பிள்ளையாம். இந்த முறையும் அவன் தலையைத் தடவினார். றிஸ்கான் தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் கையில் வைத்திருந்தான்.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பல்லை நெருமிக்கொண்டு கதைக்கிற குரல். யாருடனோ தொலைபேசியில் வலை விலையைப் பற்றி விலாவாரியாகக் கதைத்துக்கொண்டிருந்தது. றிஸ்கான் எழும்பிப்போய் வாசலில் நின்றான். கட்டிலில் சாய்ந்திருந்த துவாரகன் அவனைக் கண்டு தொலைபேசியை வைத்தான். முகம் வற்றி, தோள் எலும்பு துருத்தியிருந்தது. உதடு விலகும்போது உள்ளே கம்பி தெரிந்தது.

"நீ கதைப்பியா?" என்றான் றிஸ்கான்.

"கதைப்பன்."

"ஆஸ்பத்திரியில அவ்வளவு நேரம் இருந்தனே. ஒரு சொல்லும் சொல்லல்லயே மச்சான்."

"உன்னோடை கதைக்க விருப்பமில்லை."

றிஸ்கான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தான். முறிந்த கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். விரல்கள் முன்போல் மடங்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். வெளியே இராசமலர் கருவாட்டைப் புரட்டிக்கொண்டு காகத்தை ஏசுகிற சத்தம் கேட்டது.

"டினோஜன நான் காப்பாத்தல்ல," என்றான். "உதைக்கத்தான் ஓடினனான். வழுக்கிட்டு."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்? ஒருத்தனும் நம்புறானில்ல."

"உன்னைத் தெரியும்."

றிஸ்கானுக்கு ஒரு பகிடி வாய்வரை வந்தது. அதை விழுங்கினான்.

"அப்ப மற்றதையும் சொல்லு. அண்டைக்கு உனக்கு நான் எறிஞ்சது பழக்கத்திலயா, வேணுமெண்டா? எனக்கே தெரியல்ல துவா. எல்லாரிட்டயும் கேட்டுட்டன். எல்லாரும் பூசி மெழுகுறானுகள்."

துவாரகன் பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்து, ஸ்ட்ரோவைக் கம்பிக்குள் செருகி, கஞ்சியை மெதுவாக இழுத்தான். வாயோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டு றிஸ்கானை நேரே பார்த்தான்.

"வேணுமெண்டுதான் எறிஞ்சனீ," என்றான். "உன்ரை இடத்திலை நான் எண்டா முழங்காலுக்கு எறிஞ்சிருப்பன்."